அவர்கள் கண்ணில் முதலில் படுவது நாமா, நம் காற்றா?

நீங்கள் கேட்டது இது: "நம்மைவிடப் பல மடங்கு முன்னேறிய வேற்றுக்கிரகவாசிகள் இருந்தால், நம்மைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? நாம் போடும் சண்டையையும் கொட்டும் குப்பையையும் பார்த்துவிட்டு, இவர்களோடு பேச்சு எதற்கு என்று ஒதுங்கிவிட்டார்களா?" கேள்வி இரண்டு வரிதான், ஆனால் உள்ளே மூன்று கேள்விகள் சுருண்டு கிடக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் நம்மில் எது தெரியும்? தெரிந்தாலும் பேச முடியுமா? மூன்றாவது, நம் நல்லது கெட்டதை மேலே யாரோ உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார்களா? மூன்றாவது வானியலில் வராது, அது சித்திரகுப்தன் இலாகா. முதல் இரண்டுக்கும் கொஞ்சம் உருப்படியாகப் பதில் சொல்லலாம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவனாக இருந்தபோது ஊட்டி முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியில் இரண்டு கோடைகள் வேலை பார்த்தேன். மலைச்சரிவையே சாய்மானமாக வைத்துக் கட்டிய, அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான தொலைநோக்கி அது. அப்புறம் சென்னையில் ஒரு கல்லூரியில் 27 வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தேன். இப்போது பெசன்ட் நகர் கடற்கரையில் மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறேன். வேற்றுலக உயிர்களைத் தேடுவது என் தொழிலாக இருந்ததில்லை. சிக்னல், இரைச்சல், தூரம் இந்த மூன்றும் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

எது தெரியும் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதை ஒருமுறை சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வியாழனுக்குப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலம், வேகம் எடுப்பதற்காக 1990 டிசம்பர் 8 அன்று பூமிக்கு 960 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போனது. வானியலாளர் கார்ல் சேகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பூமியைப் பற்றி எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம், இந்தக் கருவிகள் தருவதை மட்டும் வைத்து இங்கே உயிர் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அவர் குழு 1993இல் வெளியிட்ட முடிவை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். படங்களில் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும்தான் விழுந்திருந்தன. அவற்றில் நகரம், சாலை, வயல் என்று மனிதன் இருப்பதற்கான தெளிவான தடயம் எதுவும் இல்லை. 960 கிலோமீட்டர் என்பது சென்னையிலிருந்து நாக்பூர் போகிற தூரம்தான். அவ்வளவு கிட்ட வந்தும் படத்தில் நாம் இல்லை! மனிதன் மாட்டியது ரேடியோவில். இயற்கை இப்படிச் செய்யாது என்று சொல்லத்தக்க குறுகிய அலைவரிசை சிக்னல்களை அந்தக் கலத்தின் கருவி பிடித்தது.

உயிருக்கான சாட்சியைச் சொன்னது காற்று. நம் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், கூடவே துளியளவு மீத்தேன். இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் மீத்தேன் சுமார் பத்து ஆண்டுகளில் சிதைந்து போகும். இருந்தும் தீரவில்லை என்றால் யாரோ நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கோயம்பேட்டில் மதியம் வாடாத மல்லிகையைப் பார்த்தால், லாரியைப் பார்க்காமலேயே காலையில் லோடு வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம் அல்லவா, அந்தக் கணக்குதான். இங்கே லாரி ஓட்டுபவர்கள் சதுப்பு நிலத்து நுண்ணுயிர்களும் மாட்டு வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களும்.

காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கி 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே நம்மைவிடச் சற்றே நல்ல தொலைநோக்கி உள்ள எவருக்கும், இந்தக் கிரகத்தில் ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது என்று யுகயுகமாகத் தெரிந்திருக்கலாம். அவர்கள் குறிப்பேட்டில் பூமி இருந்தால், அதில் எழுதியிருப்பது அநேகமாகப் பாசியைப் பற்றி. காந்தியையும் ஹிட்லரையும் அங்கே தேட வேண்டாம்.

எங்கிருந்து பார்க்க வசதி என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2004 ஜூன் 8 அன்று வெள்ளி ஒரு கரும்புள்ளியாகச் சூரியனைக் கடந்ததைச் சென்னையிலிருந்து பலர் பார்த்திருப்பீர்கள். (1874இல் நடந்த இதே போன்ற கடப்பைப் பற்றி, அன்றைய சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பல மொழிகளில் சிறு நூலே போட்டார்.) பூமியும் அதேபோல வேறு நட்சத்திரக்காரர்கள் பார்வையில் சூரியனைக் கடக்கும். அப்படிக் கடக்கும்போதுதான் ஒரு கிரகத்தின் காற்றை ஆராய்வது எளிது. ஆனால் பூமியின் சுற்றுப்பாதையை நீட்டினால் வானத்தில் விழும் கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியும். ராசி மண்டலத்தின் நட்டநடுக் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் லிசா கால்டெனெகர், ஜாக்கி ஃபாஹெர்ட்டி என்ற வானியலாளர்கள் இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு.) சுமார் 326 ஒளியாண்டுக்குள், கடந்த 5,000 ஆண்டுகளில் நம்மை இப்படிப் பார்க்கும் இடத்தில் இருந்த நட்சத்திரங்கள் 1,715. அவற்றில் எதையாவது சுற்றி யாராவது இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு இன்றைக்குப் பதில் கிடையாது.

கடற்கரையில் பிள்ளைகளிடம் உங்கள் நட்சத்திரம் என்ன என்று கேட்பேன். ஜோசியத்துக்காக இல்லை, தூரத்துக்காக. திருவோணம் என்றால் சுமார் 17 ஒளியாண்டு. சுவாதி 37, ரோகிணி 65, சித்திரை ஏறக்குறைய 250. ரோகிணி பக்கம் யாராவது இன்று நம்மைப் பார்த்தால் அவர்களுக்கு 1960ஐ ஒட்டிய பூமிதான் தெரியும். சித்திரையிலிருந்து பார்த்தால் கம்பெனி காலத்துச் சென்னப்பட்டணம்: ரயில் இல்லை, கரண்ட் இல்லை, ரேடியோ இல்லை. இன்று நடக்கும் போரைப் பார்த்து அவர்கள் முகம் சுளிக்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். ஆக, நம் கலவரங்களைப் பார்த்து ஒதுங்கிவிட்டார்கள் என்ற எண்ணம் முதல் படியிலேயே வழுக்குகிறது. பக்கத்துத் தெரு நட்சத்திரங்கள் சிலவற்றைத் தவிர வேறு யாருக்கும் செய்தியே போய்ச் சேரவில்லை.

நம் டிவி நிகழ்ச்சிகளை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அடிக்கடி சொல்வார்கள். சென்னையின் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1924இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்த வகை மத்திய அலைகளைப் பெரும்பாலும் மேல் காற்று மண்டலமே திருப்பி அனுப்பிவிடும். 1975இல் வந்த சென்னைத் தொலைக்காட்சியின் அலைகள் வெளியே போகும். அந்தக் கணக்கில் 80களின் கடைசியில் வெள்ளிக்கிழமை ராத்திரி நாம் பார்த்த 'ஒளியும் ஒலியும்' சினிமாப் பாட்டு நிகழ்ச்சி இப்போதுதான் சுவாதியைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் எவ்வளவு வலுவோடு? தூரம் இரு மடங்கானால் வலு நாலில் ஒன்று, பத்து மடங்கானால் நூறில் ஒன்று. 1977இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் இன்னும் ஏறக்குறைய ஒரு ஒளிநாள் தூரத்தில்தான் இருக்கிறது. அதன் டிரான்ஸ்மிட்டர் நம் பழைய டியூப்லைட்டைவிடக் குறைந்த திறன் கொண்டது. நம்மைக் குறி வைத்துப் பேசும் அதைக் கேட்கவே 70 மீட்டர் அகலத் தட்டுகள் தேவைப்படுகின்றன. யாரையும் குறி வைக்காமல் கசிந்த டிவி அலை பல ஒளியாண்டு தாண்டினால், நம்மிடம் உள்ளது போன்ற கருவிக்கு அது வெறும் இரைச்சல். அவர்கள் கருவி எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது என்பதால் 'முடியவே முடியாது' என்று சொல்ல மாட்டேன்.

தூரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது காலம். சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர் போனால் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி எடுத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை. அவற்றைச் செய்தவர்கள் நம் இனம்கூட இல்லை, நமக்கு முந்தைய மனித வகை. அன்று தொடங்கி இன்று வரையிலான காலத்தை ஒரே நாளாகச் சுருக்கினால், ரேடியோ நம் கையில் இருந்த காலம் கடைசி ஏழு விநாடி. அந்த நாளில் ஏதோ ஒரு நேரத்தில் ஒரு விருந்தாளி எட்டிப் பார்த்தார் என்றால், ஆற்றங்கரையில் கல் உடைப்பவரைப் பார்த்திருப்பார். பூமியின் 450 கோடி ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அவரையும் பார்த்திருக்க மாட்டார். அவர்கள் பக்கமும் இப்படித்தான் என்றால், இரண்டு வீட்டிலும் ஒரே விநாடியில் விளக்கு எரிய வேண்டும். என்னைக் கேட்டால், வானம் மௌனமாக இருப்பதற்கு இது ஒன்றே போதும். ஆனால் இது என் சாய்வு. நிரூபித்த விஷயம் இல்லை.

சரி, ஒரு பேச்சுக்கு, பார்த்தும் விட்டார்கள், நாம் இருக்கும்போதே பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன நினைப்பார்கள்? இங்கே உறுதியான தரை முடிகிறது. உயிர் உள்ள கிரகம் என்று நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒரு சோற்றைப் பதம் பார்க்கலாம், ஆனால் அது அதே பானைக்குத்தான் செல்லும். 'அவர்களுக்கு நாம் எறும்பு மாதிரி, கண்டுகொள்ளவே மாட்டார்கள்' என்பது அடிக்கடி வரும் உவமை. எனக்கு அது பிடிப்பதில்லை. எறும்பையே ஆயுள் முழுக்க ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். எறும்பு தின்னட்டும் என்று வாசலில் அரிசி மாவுக் கோலம் போட்ட பாட்டிகள் வாழ்ந்த ஊர் இது. ஒரே இனத்துக்குள்ளேயே எறும்பை மிதிப்பவர், படிப்பவர், படியளப்பவர் என்று மூன்று விதம். 'அவர்கள்' என்று ஒரே மனசு இருக்கும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

எறும்பை விட்டுவிட்டு வடக்கு சென்டினல் தீவை எடுத்துக்கொள்ளலாம். நம் துறைமுகத்திலிருந்து கப்பல் போகும் அந்தமானில்தான் இருக்கிறது. வெளியார் யாரையும் அண்ட விடாத பழங்குடிகள் வாழும் தீவு. 1991இல் இந்திய மானிடவியலாளர்கள் தேங்காய்களை நீரில் மிதக்க விட, தீவு மக்கள் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். அதோடு உறவு வளர்ந்திருக்கலாம். ஆனால் அந்த 90களிலேயே அரசு அந்தப் பயணங்களை நிறுத்திவிட்டது. காரணம் அலட்சியம் இல்லை, பயம். நம்மிடம் இருக்கும் சாதாரண நோய் அவர்களை அழித்துவிடும் என்ற பயம். 1999இல் பக்கத்துத் தீவுகளின் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியபோது அந்தப் பயம் நியாயம் என்று தெரிந்தது. 1973இல் ஜான் ஏ. பால் என்ற வானியலாளர் முன்வைத்த ஒரு கருதுகோள் உண்டு: முன்னேறியவர்கள் வேண்டுமென்றே விலகி நின்று, நம்மைச் சரணாலயம் மாதிரி விட்டு வைத்திருக்கலாம். சென்டினலைப் பார்த்தால், அப்படி ஒரு முடிவை எடுக்கக்கூடிய ஒரு இனமாவது உண்டு என்று தெரிகிறது. ஆனால் அந்தத் தீவை வைத்தே எதிர்ப்பக்கமும் பேசலாம். எவ்வளவு தடை போட்டும் 2018இல் ஒரு வெளிநாட்டு மதபோதகர் கள்ளத்தனமாகப் போனார், உயிரும் போனது. மொத்த விண்மீன் மண்டலமும் ஒரே கட்டுப்பாட்டோடு கோடி ஆண்டு மௌனம் காத்தது, ஒருவர்கூட மீறவில்லை என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நலம் பார்க்கப் போன ஹெலிகாப்டரைப் பார்த்து ஒரு சென்டினல் மனிதர் வில்லை உயர்த்தினார். வெளியே ஆட்கள் இருப்பது அவருக்குத் தெரியும், வேண்டாம் என்று அவரும் முடிவு செய்திருக்கிறார். ஆனால் அந்த ஹெலிகாப்டர் எதற்கு வந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே இனம், ஒரே கடல், அப்படியும் நோக்கம் புரியவில்லை.

இந்தப் 'புரிவது' பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்து எழுத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1977இல் தொகுத்த சிந்து எழுத்துத் தொகுதியில் 417 குறிகள். அரை நூற்றாண்டு ஆகிறது, கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ மாறிவிட்டன, இன்னும் அனைவரும் ஒப்புக்கொள்ளும் வாசிப்பு ஒன்றுகூட வரவில்லை. படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். எழுதியவர்களுக்கு நம்மைப் போலவே இரண்டு கண், பத்து விரல், பசி, பிள்ளை குட்டி. அவர்கள் முத்திரையில் செதுக்கிய காளை நமக்குத் தெரிந்த காளை. இடைவெளி வெறும் நாலாயிரம் ஆண்டு. நம் பழைய குகைக் கல்வெட்டுகளில் இருக்கும் தமிழ்ப் பிராமி எழுத்து மட்டும் ஏன் பிடிபட்டது? எழுத்தின் ஒலி தெரிந்த பிறகு, 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இது தமிழ் என்று காட்டினார். அந்த மொழி நம் வாயில் உயிரோடு இருந்ததால் மீதி வந்தது. வேற்றுலக மொழிக்கு அந்தப் பிடி கிடைக்காது.

கணிதம் பொதுமொழி, அதில் பேசலாம் என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். 1974 நவம்பர் 16 அன்று அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 என்ற நட்சத்திரக் கொத்தை நோக்கி 1,679 துடிப்புகள் போயின. அந்த எண் 23, 73 என்ற இரண்டு பகா எண்களின் பெருக்கல். அப்படி அடுக்கினால் படம் வரும் என்பது யோசனை. எண்ணத் தெரிந்தவருக்கு 'தட்டியது காற்று இல்லை, கை' என்று புரியும். கதவைத் தட்டும் சத்தம் வரைக்கும் கணிதம் போதும். அதற்கு மேல் படத்தில் இருக்கும் குச்சி உருவம் ஒரு ஆள் என்று புரிய, ஆளைப் பார்த்திருக்க வேண்டும். எம்13 சுமார் 25,000 ஒளியாண்டு தூரம். பதில் வர 50,000 ஆண்டு. கேட்டவர்களின் இனமே அப்போது இருக்குமா என்பதால், இதை உரையாடல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்வெட்டு என்பது பொருத்தம்.

வாயேஜரில் போன தங்கத் தகட்டையும் அப்படித்தான் பார்க்கிறேன். 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. கேட்டவுடன் நம்மவர்களுக்கு வரும் கோபம் எனக்கும் ஒரு நிமிடம் வந்தது. அப்புறம், வணக்கத்துக்கும் தும்மலுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவருக்கு எந்த மொழியில் சொன்னால் என்ன என்று ஆறுதல் அடைந்தேன்.

தேடுவதிலேயே எவ்வளவு சறுக்கல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1967இல் ஜோசலின் பெல் பிடித்த சீரான துடிப்புக்கு முதலில் விளையாட்டாக வைத்த பெயர் 'பச்சைக் குள்ளர்கள்'. கடைசியில் அது பல்சார், அதாவது வேகமாகச் சுழன்றபடி துடிப்பு அனுப்பும் ஒரு நட்சத்திரம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைப் பல வருடம் குழப்பிய ஒரு சிக்னல், 2015இல் பார்த்தால், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு. நிற்கும் முன்பே கதவைத் திறந்துவிடுவார்களாம். 2019இல் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா திசையில் கிடைத்த பிஎல்சி-1 என்ற சிக்னலும் நம் கருவிகளின் குறுக்கீடுதான் என்று முடிந்தது. 1977இல் வானத்திலிருந்து கிடைத்த, 'வாவ்' என்று பெயர் பெற்ற சிக்னல் மட்டும் 72 விநாடி வந்து போய், திரும்ப வராமல், அப்படியே நிற்கிறது. நான் அதை ஆதாரம் என்று எண்ணுவதில்லை. திரும்ப வராததை எப்படிச் சோதிப்பது? வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கே2-18பி கிரகத்தில் உயிரின் வாசனை என்று 2025 ஏப்ரலில் வந்த செய்தியையும் இப்போதைக்கு 'சந்தேகம்' பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் மாணவர்கள் செய்த தகரக் கூம்பு ஆன்டெனாவிலும் தினம் சாயந்திரம் ஆறரைக்கு ஒரு சிக்னல் வந்தது. நாலு நாள் தூக்கம் போனது. பக்கத்துக் கட்டடத்தில் அந்த நேரத்துக்குத் தண்ணீர் மோட்டார் போடுவார்கள்.

நாமாகக் கூப்பிடலாமா என்பதில் அறிஞர்களே இரண்டு பக்கம் நிற்கிறார்கள். கொலம்பஸ் வந்திறங்கியது அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நல்லதாக முடியவில்லை என்று ஸ்டீபன் ஹாக்கிங் 2010இல் எச்சரித்தார். ஆக்சிஜன் 200 கோடி ஆண்டாகக் காட்டிக்கொடுக்கும்போது ஒளிந்து என்ன பயன் என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டாவது சரியாகப் படுகிறது. ஆனாலும் யாரோ நாலு பேர் எல்லார் சார்பிலும் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. சிக்னல் கிடைத்தால் உலகத்தைக் கலந்து பேசாமல் பதில் அனுப்பக் கூடாது என்று 1989இல் ஒரு நெறிமுறை வகுத்தார்கள், 2010இல் திருத்தினார்கள். அது சட்டம் இல்லை, மீறினால் தண்டனையும் இல்லை.

சார்பில் பேசுவது என்றதும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கும் ஒரு கருங்கல் தூண் ஞாபகம் வருகிறது. 1792இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தொலைநோக்கியைத் தாங்கிய தூண். லத்தீன், தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் செதுக்கியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதலில் பிரிட்டிஷாரின் தாராள மனம் விதைத்த காலத்தை, ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். ஆரியபட்டர் பிறந்த நாட்டில் இப்படி ஒரு செய்தி! தூதுச் செய்தி எழுதும்போது நாம் யார் என்பதைவிட நம்மை யார் என்று நினைத்துக்கொண்டோம் என்பதுதான் பதிவாகிறது. ஒருமுறை அனுமதி வாங்கி மாணவர்களை அங்கே கூட்டிப் போனேன். தமிழ்ப் பகுதியை ஒரு பெண் விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினாள். சில இடங்களில் அவளும் தடுமாறினாள், நானும் தடுமாறினேன். எழுதி இருநூற்றுச் சொச்சம் ஆண்டுதான் ஆகியிருந்தது. "சார், மீதி எண்ணூறு வருஷத்துக்கு அப்புறம் இதை யார் படிப்பாங்க?" என்று கேட்டாள். வெயில் ஏறிவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எல்லாரையும் கிளப்பினேன்.